முதல் நாள் கடைசி, மறுநாள் முதல்!

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். சேலம், நாமக்கல் பக்கத்து மக்களும் அங்கே போவது உண்டு. வாங்க வந்தவர் குதிரையை ஓடவிட்டுப் பார்ப்பார். சவாரி செய்கிறவர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால், நல்ல குதிரையும் மெதுவாகத்தான் ஓடும்.

குதிரை தானாகத் தோற்றதா? சவாரிக்காரர் தோற்க வைத்தாரா?

இந்தக் கேள்வி ஒரு காலத்தில் இங்கிலாந்து இளவரசரையே பந்தய மைதானத்தை விட்டு வெளியேற வைத்தது. புகழ் பெற்ற ஜாக்கி ஒருவரின் பெயரையும் கெடுத்தது. அந்த ஜாக்கியின் பெயர் சாமுவேல் சிப்னி.

கெட்டிக்கார ஜாக்கி

சிப்னி 1753-ம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் உள்ள நார்போக் பகுதியில் பிறந்தார். சிறு வயதிலேயே குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அவருடைய சவாரி தனி விதம். கடிவாளத்தை இறுக்க மாட்டார், தளர்த்தியே பிடிப்பார். பந்தயத்தின் பெரும்பகுதி பின்னால் வருவார். எல்லை நெருங்கியதும் குதிரையைப் பாய விடுவார். அதற்குச் `சிப்னி பாய்ச்சல்' என்றே பெயர் வந்துவிட்டது.

1789-ம் ஆண்டு டெர்பி, ஓக்ஸ் என்ற இரண்டு பெரிய பந்தயங்களிலும் அவரே வென்றார். மறு ஆண்டு இளவரசர் ஜார்ஜ் அவரைத் தம் ஜாக்கியாக அமர்த்திக்கொண்டார். சம்பளம் ஆண்டுக்கு 200 கினி. கினி என்பது 21 ஷில்லிங் மதிப்புள்ள தங்க நாணயம்.

இரண்டு நாள் பந்தயம்

1791-ம் ஆண்டு அக்டோபர் 20. இடம், நியூமார்க்கெட். இளவரசரின் குதிரை `எஸ்கேப்' ஓடியது. பந்தய தூரம் 2 மைல். எஸ்கேப்தான் ஜெயிக்கும் என்று பலரும் பணம் கட்டினார்கள். ஓடியவை நான்கு குதிரைகள். எஸ்கேப் நான்காவதாக வந்தது!

மறுநாள் அதே குதிரை 4 மைல் பந்தயத்தில் ஓடியது. முதல் நாள் தோற்றதால் அதை நம்பியவர்கள் குறைவு. ஒரு கினி கட்டினால் ஐந்து கினி கிடைக்கும் என்ற நிலை. எஸ்கேப் வென்றது! முதல் நாள் அதைத் தோற்கடித்த குதிரையும் பின்தங்கியது.

மைதானம் கொதித்தது. மறுநாள் அதிகப் பணம் அள்ளுவதற்காகவே சிப்னி முதல் நாள் குதிரையைப் பிடித்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது.

சிப்னி அதை மறுத்தார். குதிரைக்குப் போதிய பயிற்சி இல்லை, முதல் நாள் ஓட்டம்தான் அதன் உடம்பைச் சரிப்படுத்தியது, நீண்ட தூரமே அதற்கு ஏற்றது என்பது அவர் வாதம். மறுநாள் பந்தயத்தில் தாம் 20 கினி கட்டியதையும் மறைக்கவில்லை.

இளவரசரின் முடிவு

ஜாக்கி கிளப் விசாரித்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. சிப்னி சவாரி செய்தால் கனவான்கள் யாரும் இளவரசரின் குதிரைகளுக்கு எதிராகத் தம் குதிரைகளை விடமாட்டார்கள் என்று, கிளப்பின் தலைவர்களில் ஒருவரான சர் சார்லஸ் பன்பரி எச்சரித்தார்.

வேலைக்காரரைக் கைவிடுவதா? மைதானத்தைக் கைவிடுவதா? இளவரசர் நியூமார்க்கெட்டை விட்டே வெளியேறினார். சிப்னிக்கு 200 கினி தொடர்ந்து கிடைத்தது. அந்த இளவரசரே 1820-ல் நான்காம் ஜார்ஜ் மன்னரானார்.

கடைசிக் காலம்

1804-ல் சிப்னி தம் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். விலை 5 பவுன்! பிறகு பணமுடை வந்தது. ஆண்டுதோறும் வந்த இளவரசரின் பணத்தையும் மொத்தமாக விற்றுவிட்டார். அவர் புதுவிதமான கடிவாள இரும்பு ஒன்றைச் செய்திருந்தார். அதற்காகச் சேணம் செய்பவரிடம் பட்ட கடன் அவரைக் கடன்காரர் சிறைக்குக் கொண்டுபோனது. 1807 ஜனவரியில் லண்டன் பிளீட் சிறையிலேயே இறந்தார்.

அவர் மகனும் ஜாக்கி ஆனார். 1818, 1820 ஆண்டுகளில் டெர்பியில் வென்றார். அவர் பெயரும் சாமுவேல் சிப்னிதான்!

குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, திறமையின் ஆட்டம் என்று சென்னை கிண்டி பந்தயம் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. திறமையை முழுதும் காட்டினால்தான் அது நேர்மையான ஆட்டம். பின்னால் வந்து பாய்வதே சிப்னியின் திறமை. அவர் பாயாத ஒரு நாளில், அந்தத் திறமையே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது!