சாமிநாதையரும் பழைய அச்சுப் புத்தகங்களும்

ஒரு நூல் அச்சேறிவிட்டால் அதற்கு இனி அழிவில்லை என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. கறையானும் செல்லும் நெருப்பும் வெள்ளமும் ஏட்டுச்சுவடிகளுக்கே பகை என்றும், அச்சுப் புத்தகம் எங்கேயாவது ஓரிடத்தில் கிடைத்தே தீரும் என்றும் பலர் நம்பியிருக்கின்றனர். இந்நம்பிக்கை எவ்வளவு அபாயகரமானது என்பதை உணர்வதற்கு மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் சரித்திரத்தை ஒருமுறை நினைவுகூர்தல் நலம். பெரம்பலூர், அரியலூர்ப் பிரதேசத்து அன்பர்களுக்கு இச்சரித்திரம் இன்னும் நெருங்கிய உரிமையுடையது. அவர் உள்ளத்தில் தமிழாசை முளைவிட்டது அந்த மண்ணிலேதான்.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி பிறந்தார். சொந்த ஊர் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் உடையார்பாளையம் சமஸ்தான வித்துவான் கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். ஊரூராகச் சென்று இராமாயணப் பிரசங்கம் செய்து ஜீவித்தவர். அரியலூர் ஜமீனின் ஆதரவை நாடி அக்குடும்பம் அவ்வூரில் வாசம் செய்தது. அங்கே சடகோபையங்கார் என்னும் வித்துவானிடம் சிறுவர் சாமிநாதர் தமிழின் சுவையை முதன்முதல் அறிந்தார். பின்னர்க் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடங் கேட்டார். நன்னூல் ஓரிடம், காரிகை ஓரிடம், புராணம் ஓரிடம் என்று கல்வி சிதறிக் கிடந்த காலம் அது. மகன் தமிழ் கற்க வேண்டும் என்பதற்காகவே தந்தையார் குடும்பத்தை ஊர்விட்டு ஊர் பெயர்த்துச் சென்றார். கையில் பொருளில்லாத ஒருவர் இவ்வளவு பெரிய தியாகத்தைச் செய்தார் என்பது நாம் மறக்கத் தகாத செய்தியாகும்.

அந்நாளில் அச்சுப் புத்தகத்தின் நிலை யாது? தமிழில் அச்சு வேலை புதிதன்று. 1578-லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாயிற்று. ஆயினும் கிறிஸ்தவப் பாதிரிமார்களும் சர்க்காருமே நெடுங்காலம் அச்சுக்கூடங்களை நடத்தி வந்தனர். 1812-ல் திருக்குறள் மூலம் வெளிவந்தது. 1835-ல் அச்சுக்கூடங்களின்மேல் இருந்த உரிமக் கட்டுப்பாடு நீங்கியபின் நம்மவர் முயற்சி பெருகிற்று. விசாகப்பெருமாளையர், சரவணப்பெருமாளையர் முதலியோரும், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும், சி. வை. தாமோதரம் பிள்ளையும் இலக்கணங்களையும் இலக்கியங்களையும் சைவ நூல்களையும் பரிசோதித்துப் பதிப்பித்தனர். எனினும் அவர்கள் அச்சிட்ட பிரதிகள் சிலவே. சென்னையில் வெளிவந்த ஒரு நூல் குன்னத்துக்கோ காரைக்கோ வந்து சேர்வது அரிது. புத்தகம் வைத்திருப்பவரைத் தேடிப்போய், அவர் மனமறிந்து நடந்து, இருந்த இடத்திலேயே வாசித்து, வேண்டியதை எழுதிக்கொண்டு திரும்புவதே அக்காலத்து மாணாக்கரின் வழக்கம். புத்தகத்தின் அருமையை வறுமையில் கற்றவர் ஐயரவர்கள்.

1871-ல் அவர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தார். 1876-ல் ஆசிரியர் சிவபதம் அடையும்வரை உடனிருந்து பயின்றார். 1880-ல் தியாகராச செட்டியாரின் முயற்சியால் கும்பகோணம் கலாசாலையில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அவர் வாழ்க்கை திசை திரும்பியது. அவ்வூரில் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவர் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் முதலிய பிரபந்தங்களை ஒரு பொருளாக மதியாமல், சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் பற்றிக் கேட்டார். தாம் அறியாத ஒரு பெரிய தமிழுலகம் மறைந்து கிடப்பதை ஐயர் அன்று கண்டார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை அளித்தார். சைனசமய நுட்பங்களைக் குடந்தைச் சைனர்களிடம் கேட்டறிந்து, ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டு, கையொப்பக்காரரிடம் முன்பணம் திரட்டி, 1887-ல் அந்நூலை வெளியிட்டார்.

அதன்பின் அவர் ஏடு தேடி அலையாத திசையில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழுதடைந்த சுவடிகளை ஆகம விதியென்று சொல்லி நெருப்பிலிட்டு விட்டனர் என்று கேட்டு மனம் நைந்தார். அழிந்தவை போக எஞ்சியவற்றைக் கொண்டு பத்துப்பாட்டு 1889-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும், மணிமேகலை 1898-லும், குறுந்தொகை 1937-லும் அவர் கையால் வெளிவந்தன. 1906-ல் சர்க்கார் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932-ல் சென்னைச் சர்வகலாசாலை டாக்டர் பட்டமும் அளித்தன. 1942 ஏப்ரல் 28-ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் காலமானார். மறு ஆண்டில் அவர் பெயரால் சென்னையில் தோன்றிய நூல்நிலையம் அவர் திரட்டிய ஏடுகளையும் புத்தகங்களையும் இன்றும் காத்து வருகிறது.

இவ்விடத்தில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்று. ஐயரவர்களின் பதிப்பு வெறும் மூலமும் உரையும் அன்று. ஏடு உதவியவர் யார், எந்த ஏட்டில் என்ன பாடபேதம், நூலாசிரியர் வரலாறு யாது என்பவற்றையெல்லாம் அவர் முறையாகக் குறித்தார். அக்காலத்துப் பதிப்புகளில் சிறப்புப்பாயிரமும் கையொப்பக்காரர் பெயரும் அச்சுக்கூடத்தின் விவரமும் காணப்படும். பின்வந்த மறுபதிப்புகள் பலவற்றில் இவை விடுபட்டுப் போயின. பதிப்பாசிரியர் கண்ட ஏடு இன்று இல்லையாயின், அந்த ஏட்டுக்கு எஞ்சிய ஒரே சாட்சி அம்முதற்பதிப்பேயாகும். வழக்கில் மூலப்பத்திரம் தொலைந்தால் நகலுக்கு எவ்வளவு மதிப்பு உண்டோ, அவ்வளவு மதிப்பு இதற்கும் உண்டு. ஆகவே முதற்பதிப்புகளைத் திரட்டுவது செல்வர்களின் விநோதப் பொழுதுபோக்கு அன்று. சாட்சியத்தைக் காக்கும் கடமையாகும்.

அச்சாட்சியம் நம் கண்முன்னே பொடியாகிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழினாற் செய்த காகிதம் பெருகியது. அதிலுள்ள அமிலம் காகிதத்தை உள்ளிருந்தே அரிக்கின்றது. எண்ணெயிட்டுப் பேணிய ஓலை இரண்டு மூன்று நூற்றாண்டு நிற்கும். இக்காகிதமோ நூறாண்டுக்குள் மஞ்சளித்து, தொட்ட இடத்தில் ஒடிகிறது. கொல்லத்தில் அச்சான அந்த முதல் நூலைக் காண விரும்பும் தமிழன் இன்று அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு சர்வகலாசாலையை நாட வேண்டியிருக்கிறது. இதைவிட நமக்கு வெட்கம் வேறு வேண்டுமோ?

தனிமனிதர் ஒருவர் முயன்றால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரே சான்று. அவர் ஆயுள் முழுவதும் திரட்டிய லட்சத்துக்கு மேற்பட்ட புத்தகங்களும் பத்திரிகைகளும் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன. அத்தகைய முயற்சி ஜில்லாதோறும் ஏன் நடைபெறலாகாது?

ஐயரவர்கள் பிள்ளைப் பிராயத்தில் நடந்த குன்னமும் காரையும் செங்கணமும் இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ளன. அரியலூர் தனி மாவட்டமாகிவிட்டது. அப்பிரதேசத்துப் பழைய வீடுகளின் பரண்களிலும் மரப்பெட்டிகளிலும், கோயில்களிலும் பஜனை மடங்களிலும், பழைய புராணங்களும் உரைநூல்களும் பிரபந்தங்களும் இன்னும் முடங்கிக் கிடத்தல் கூடும். பொதுநல ஊழியத்தில் ஈடுபட்ட அன்பர்கள் கட்சி வேற்றுமை பாராது இவ்வேலையை மேற்கொள்ள வேண்டுகிறோம். புத்தகத்தை எடைக்குப் போட விடாதீர்கள். நூற்பெயர், பதிப்பாசிரியர், ஆண்டு, அச்சுக்கூடம் ஆகிய நான்கையும் ஒரு ஜாபிதாவில் குறியுங்கள். கிழிந்த தாளைப் பசைப்பட்டையால் ஒட்டாமல் துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். உடையவர் கொடுக்க இசைந்தால் நூல்நிலையத்தில் சேருங்கள். இசையாவிடின் படமெடுத்துக்கொள்ளவேனும் அனுமதி பெறுங்கள். கொடுத்தவர் பெயரை மறவாமல் பதிவு செய்யுங்கள்; அது ஐயரவர்கள் கைக்கொண்ட தருமம்.

சங்க நூல்களின் ஏடுகள் முற்றும் அழியுமுன் ஒருவர் தோன்றினார். ஆகையால் நாம் தலைநிமிர்ந்து நிற்கிறோம். அச்சுப் புத்தகங்களுக்கும் அத்தகைய ஒருவர் தோன்றுவார் என்று காத்திருப்பது சோம்பேறிகளின் செயல். ஊருக்கு இருவர் முன்வந்தால் போதும். காலம் கடத்தலாகாது.