56 இலை, 31 பூச்சி, 15 வருஷம்: டார்வின் வளர்த்த சன்டியூ செடியின் கதை

உங்கள் ஜன்னலோரத் தொட்டியில் சன்டியூ இருக்கிறதா? இலை முழுக்கப் பனித்துளி மாதிரி மின்னும் பசை, அதில் ஒட்டிய பூச்சியை மெல்ல மூடிக்கொள்ளும் அந்தக் குட்டிச் செடிதான். பாடப்புத்தகத்தில் ட்ரோசிரா, தமிழில் அழுகண்ணி. இதை வீட்டுக்குள் வைத்து வளர்த்து, வருஷக்கணக்கில் கண்காணித்த ஒரு சீனியர் உங்களுக்கு இருக்கிறார்: சார்லஸ் டார்வின்.

யார் இவர்?

1809-ல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் பிறந்தவர். அப்பா டாக்டர். மகனும் மருத்துவம் படிக்கப் போய், பிடிக்காமல் பாதியில் விட்டார். 22 வயதில் பீகிள் கப்பல் ஏறி, ஐந்தாண்டு உலகைச் சுற்றினார். 1842-லிருந்து கென்ட் பகுதியில் டவுன் என்ற கிராமத்தில் வாழ்க்கை. அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். 1859-ல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகம் வந்து, ஊரே அதைப் பற்றி விவாதித்தது.

செடி எப்படி வந்தது?

அடுத்த வருஷக் கோடையில் ஓய்வுக்காக சசெக்ஸ் பகுதிக்குப் போனார். அங்கே ஈரநிலத்தில் சன்டியூ. நாமாக இருந்தால் ஒரு போட்டோவோடு முடித்திருப்போம். டார்வின் 12 செடிகளை எடுத்து, விரிந்த இலைகளை எண்ணினார்: 56. அதில் 31 இலைகளில் செத்த பூச்சியோ, அதன் மிச்சமோ ஒட்டியிருந்தது. பாதிக்கும் மேல்! இது தற்செயலாக இருக்குமா?

சோதனை ஆரம்பித்தது. 31 இலைகளில் பசைமுடிகளை எண்ணினார். சராசரி, இலைக்கு 192. பச்சை இறைச்சி, முட்டை வெள்ளைக்கரு, பால் வைத்தார், முடிகள் வளைந்தன. சர்க்கரைக் கரைசல், ஆலிவ் எண்ணெய், டீ விட்டார், அசையவில்லை. நைட்ரஜன் உள்ளதைத்தான் செடி தேடுகிறது என்று புரிந்தது. ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத தலைமுடித் துணுக்குக்கும் அது வளைந்தது. ஆனா மழைத்துளி விழுந்தால் கண்டுகொள்ளாது. மழைக்கெல்லாம் மூடினால் பிழைப்பு என்னாவது?

சிக்கல் எங்கே?

பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய புத்தகம் 1875-ல்தான் வந்தது. 15 வருஷ உழைப்பு. செடி பூச்சியைச் செரிக்கிறது என்று அதில் காட்டிவிட்டார். ஆனா ஒரு கேள்வி மிஞ்சியது. சாப்பிடுவதால் செடிக்கு உண்மையிலேயே லாபமா? சாப்பிட்ட செடியையும் சாப்பிடாத செடியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட கணக்கு புத்தகத்தில் இல்லை. விமர்சகர்கள் பிடித்ததும் அந்த இடத்தைத்தான்.

அந்தக் கணக்கை முடித்தவர் மகன் பிரான்சிஸ். 1877-ல் சுமார் 200 செடிகளைச் சூப் தட்டுகளில் வளர்த்தார். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பாதிக்கு இறைச்சித் துணுக்கு, மறுபாதி பட்டினி. பூச்சி வராமல் மேலே வலை. சாப்பிட்ட பக்கம் தந்த விதைகள் எண்ணிக்கையில் 2 மடங்குக்கும் மேல். 1878-ல் முடிவுகள் வெளியாயின. அப்பா உயிரோடு இருக்கும்போதே பதில் கிடைத்துவிட்டது. 1882 ஏப்ரலில், 73 வயதில் டார்வின் காலமானார்.

உங்கள் தொட்டிக்கு என்ன பாடம்?

சன்டியூ வளர்வது சத்தில்லாத சதுப்பு மண்ணில். அதனால்தான் பூச்சி பிடிக்கிறது. ஆக, மண்ணில் உரம் போடாதீங்க. உப்புள்ள குழாய்த் தண்ணீர் வேண்டாம். மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் போதும். தொட்டிக்கடியில் தட்டு வைத்து எப்போதும் ஈரம் இருக்கட்டும், நல்ல வெளிச்சம் வேண்டும். பெரிய இறைச்சித் துண்டு வைத்தால் இலையே கெட்டுப்போகும், டார்வினே பார்த்தது அது.

சாப்பாடு உண்மையில் உதவுகிறதா என்று சந்தேகமா? ஒரே அளவில் இரண்டு தொட்டி வாங்குங்க. ஒன்றுக்கு மட்டும் அவ்வப்போது ஒரு கொசு கொடுங்க. பூத்த பிறகு விதைகளை எண்ணிப் பாருங்க.