மலிவான பங்கும் மறைந்திருந்த நட்டமும்: பெஞ்சமின் கிரஹாம் விட்டுச்சென்ற பாடம்

ஒரு வங்கியின் பங்கு மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் பெஞ்சமின் கிரஹாமின் வாழ்க்கையைத்தான் சொல்வது வழக்கம்.

1894 மே 9ஆம் திகதி லண்டனில் பிறந்த அவர், ஒரு வயதிலேயே குடும்பத்துடன் நியூயோர்க் சென்றார். அவருக்கு ஒன்பது வயது நிரம்பும் முன்பே தந்தை இறந்துபோனார். தாயார் கடனில் வாங்கிய பங்குகளில் போட்டிருந்த சிறுதொகையும் 1907ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் அழிந்தது. பிறரின் சேமிப்பு பற்றிய அவரது எச்சரிக்கையுணர்வு அந்த வறுமையில் இருந்தே வந்தது என்பது எனது எண்ணம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1914இல் பட்டம் பெற்றதும் அங்கேயே கற்பிக்க வாய்ப்புக் கிடைத்தது. அவரோ வோல் ஸ்ட்ரீட்டுக்குப் போனார். 1929இல் சந்தை சரிந்தது. 1932 வரையான காலத்தில் அவர் நிர்வகித்த நிதியம் சுமார் 70 வீதத்தை இழந்தது. அந்த அடிக்குப் பின்னர், 1934இல், டேவிட் டொட்டுடன் சேர்ந்து பங்குகளை ஆராயும் முறை பற்றிய பெருநூலை வெளியிட்டார். சாதாரண முதலீட்டாளருக்கான நூல் 1949இல் வந்தது. அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் வொரன் பஃபெட்.

விலை உழைப்பு விகிதம் என்பது எளிய கணக்கு. பங்கின் விலையை, பங்கொன்றுக்கான வருடாந்த உழைப்பால் வகுக்க வேண்டும். 100 ரூபா பங்கு வருடத்துக்கு 10 ரூபா உழைத்தால் விகிதம் 10. கிரஹாம் இதை ஒருபோதும் தனியாக நம்பவில்லை. ஒரு வருட இலாபம் ஏமாற்றும் என்பதால் பல வருடச் சராசரியைப் பார்க்கச் சொன்னார். எச்சரிக்கையான முதலீட்டாளர் மூன்று வருடச் சராசரி உழைப்பின் 15 மடங்குக்கு மேலும், புத்தகப் பெறுமதியின் ஒன்றரை மடங்குக்கு மேலும் கொடுக்கக்கூடாது என்றார். ஒன்று குறைவாக இருந்தால் மற்றது சற்றுக் கூடலாம். ஆனால் இரண்டின் பெருக்கம் 22.5ஐத் தாண்டக்கூடாது.

வங்கிகளுக்கு இந்த இரண்டாவது சோதனை மிக அவசியம். அறவிடமுடியாக் கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை நிர்வாகமே மதிப்பிடுகிறது. ஒதுக்கீட்டைக் குறைத்தால் இலாபம் கூடும், விகிதம் இறங்கும், பங்கு மலிவாகத் தோன்றும். ஒரே பிரதேசத்தையோ ஒரே தொழிற்றுறையையோ நம்பியிருக்கும் பிராந்திய வங்கிக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

2023 மார்ச் 10ஆம் திகதி மூடப்பட்ட அமெரிக்காவின் சிலிக்கன் வலி வங்கியைப் பாருங்கள். அதற்கு இரு நாட்கள் முன்னர் அதன் பங்கு, முந்தைய வருட உழைப்பின் சுமார் பதினாறு மடங்கு விலையில் இருந்தது. 2022இல் சுமார் 1.5 பில்லியன் டொலர் இலாபம் காட்டியது. ஆனால் முதிர்வுவரை வைத்திருக்கவென வாங்கிய முறிகளில் சுமார் 15 பில்லியன் டொலர் நட்டம், இலாபக் கணக்கில் சேராமல் கிடந்தது. வங்கியின் மொத்த மூலதனமே சுமார் 16 பில்லியன்தான். நட்டம் நிதியறிக்கையின் உள்ளே அச்சிடப்பட்டிருந்தது. விகிதத்தை மட்டும் பார்த்தவர்கள் கண்ணில் அது படவில்லை.

கிரஹாம் 1976 செப்டெம்பர் 21ஆம் திகதி பிரான்ஸில் காலமானார். மலிவான வங்கிப் பங்கைக் கண்டால் கடந்த ஐந்து வருட உழைப்பையும், கடன் ஒதுக்கீட்டையும், புத்தகப் பெறுமதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் அந்த மலிவுக்குக் காரணம் இருக்கிறது.