யாழைத் தேடிய அடிகளார்

நிறைநிலா இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைச் செவியில் வைத்துக் கேட்பது மட்டக்களப்பு வாவிக்கரையாரின் பழைய வழக்கம். நரம்பை மெல்ல மீட்டினாற்போல ஓர் ஒலி நீருக்கடியிலிருந்து எழும். மீன் பாடுகிறது என்பர் எம்மூரார். இளமையில் நானும் கேட்டிருக்கிறேன். அவ்வொலியை நினைக்குந்தோறும் என் நெஞ்சில் தோன்றுபவர், அவ்வாவியின் அருகே கல்லடி உப்போடையில் துயிலும் விபுலானந்த அடிகளார்.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் காரைதீவிலே பிறந்தார். பெற்றோர் சாமித்தம்பியும் கண்ணம்மையும். பிள்ளைப்பெயர் மயில்வாகனன். மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியிற் பயின்ற அவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்வில் தேறினார். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். இவ்விரு கல்வியும் ஒருவரிடத்தே கூடியிராவிடின் யாழ் நூல் பிறந்திராது என்பது என் துணிபு.

1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்து 1924இல் துறவு பூண்டார். ஈழம் மீண்டு கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பின்னர் இமயச் சாரலில் மாயாவதியிலிருந்து 'பிரபுத்த பாரத' இதழை நடத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். இத்தனை பணிகளுக்கிடையே அவர் உள்ளம் பற்றி நின்ற பொருள் ஒன்றுண்டு, அது யாழ்.

யாழ் என்பது வீணையன்று. வீணையில் ஒரே நரம்பை மெட்டுக்களில் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம். பழைய யாழிலோ ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்துக்கே உரியது. நூல்களில் பெயரும் சிற்பங்களில் உருவும் எஞ்சினவேயன்றி, அதனை மீட்டுவாரும் இல்லை, கேட்டாரும் இல்லை. அடிகளார் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களின் உறவுகளைக் கணக்கிட்டார். குரலுக்கும் இளிக்கும் உள்ள அதிர்வு விகிதம் 2க்கு 3. அத்தகைய விகிதங்களைப் பற்றிக்கொண்டு பண்டை நரம்புகளின் நிலைகளை அவர் காண முயன்றார்.

மாணவனாயிருந்தபோது நான் யாழ் நூலைத் திறந்தேன். செய்யுட்சுவையை நாடிச் சென்ற எனக்கு எண்களும் பின்னங்களுமே எதிர்ப்பட்டன. சலித்து மூடிவைத்தேன். நானே ஆசிரியனான பின்பு மறுபடி எடுத்தபோதுதான் உண்மை விளங்கிற்று. செவிவழி மறைந்த இசைக்கு எண்வழி அன்றி வேறு வழி அவருக்கு ஏது? போற்றிப் பாடுதல் எளிது. அளந்து காண்பதே அரிது.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக, சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் 1947ஆம் ஆண்டு ஜூன் 5, 6ஆம் நாள்களில் நூல் அரங்கேறிற்று. உடல் நலிந்திருந்தும் அடிகளார் அவ்வவையில் வீற்றிருந்தார். அவர் கணக்கின்படி அமைத்த யாழ்கள் அங்கே இசைக்கப்பட்டன. மாய்ந்ததென்று எண்ணிய ஒலி மீண்டும் எழுந்ததைக் கேட்கும் பேறு அவருக்கு வாய்த்தது. ஆறு வாரங்கள் கழிந்து, ஜூலை 19இல் கொழும்பில் அவர் இயற்கை எய்தினார்.

யாழ் இன்று நம் இசையரங்குகளில் வழக்கமாக ஒலிப்பதில்லை. அது கொண்டு அவர் உழைப்பு வீணென்பார் உண்டு. நான் அவ்வாறு கொள்ளேன். இழந்தது இன்னது என்று அறியாத இனம் அதனைத் தேடவும் மாட்டாது. தேடும் முறையை அவர் நமக்கு வகுத்துத் தந்தார். கேட்கும் செவியும் கணக்கிடும் பொறுமையும் வாய்ந்த ஒரு மாணவன், இனி எந்த ஊரிலேனும் அந்நூலைத் திறவாமலா போவான்?