பழனியில் ஒரு கவிச்சிங்கம்

கல்லூரி நாட்களில் குறுக்கெழுத்துப் புதிருக்கு அடித்துக்கொண்ட நண்பர்களுக்கு ஒரு கேள்வி. பல கரம் சேர்ந்தால் மரத்துண்டு, மூன்று எழுத்து. விடை, பலகை. நம் இலக்கணம் இதைப் பிரிமொழிச் சிலேடை என்று அன்றே பெயர் வைத்துவிட்டது. ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் பத்திரிகையில் கட்டம் போட்டது 1913-இல்தான். அதற்கு ஏறக்குறைய முப்பது வருஷம் முந்தியே, இந்த வித்தையில் கரைகண்ட ஒருவர் நம்ம பக்கத்தில் வாழ்ந்து மறைந்துவிட்டார். எங்க ரெட்டியார்சத்திரத்தில் பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் தாண்டினால் வருகிற பழனிதான் அவர் ஊர். பெயர் மாம்பழக் கவிச்சிங்க நாவலர்.

1836-இல் ஆசாரி குடும்பத்தில் பிறந்தவர். மூன்று வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போயிற்று. ஏடு படித்துத் தமிழ் கற்ற காலம் அது. பார்வையில்லாத பிள்ளை என்ன செய்யும்? பிறர் படிக்கக் கேட்டார். கேட்டதை மனசில் பூட்டிக்கொண்டார். இலக்கண இலக்கியம் எல்லாம் காது வழியாக ஏறியதுதான்.

அவர் பாடியதோ திரிபும் யமகமும் சிலேடையும்! திரிபு என்றால், நாலு அடியிலும் முதல் எழுத்து மட்டும் மாற வேண்டும். அடுத்து வரும் எழுத்துக்கள் அப்படியே திரும்பி வரணும், பொருள் மட்டும் வேறாகணும். யமகத்தில் முதல் எழுத்தும் மாறக்கூடாது. பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலே நமக்கு மண்டை காய்ந்துவிடும். இவர் கேட்ட மாத்திரத்தில் வாயால் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார்.

இராமநாதபுரம் சேதுபதி சமஸ்தானம் இவரை ஆதரித்தது. கவிச்சிங்கம் என்ற பட்டம் அங்கே கிடைத்ததுதான். அந்த அரண்மனைப் பொன்னுசாமித் தேவர் சாமானிய ரசிகர் இல்லை. காளமேகத்தின் சிலேடைகள் அடங்கிய தனிப்பாடல் திரட்டு, அவர் கேட்டுக்கொண்டதால் தொகுக்கப்பட்டதே. அப்படிப்பட்டவர்கள் சபையில் கண் தெரியாதவர் என்று யாரும் சலுகை காட்டிவிட மாட்டார்கள்.

இதெல்லாம் வெறும் சொல் சர்க்கஸ் என்று பிற்காலத்தில் ஒதுக்கினவர்கள் உண்டு. எனக்கு அது பாதிதான் சம்மதம். அகராதி இல்லாமல் பொருள் விளங்காத பாட்டு நிலைக்காது, சரி. ஆனால் குலத்தொழிலுக்குக் கண் வேண்டும். அது இல்லாதவருக்குச் சோறு போட்டதும் சபையில் ஆசனம் வாங்கிக் கொடுத்ததும் இந்த எழுத்து விளையாட்டுதான்.

முருகன் மேல் நிறையப் பாடிவிட்டு, 1884-இல், நாற்பத்தெட்டு வயதில் காலமானார். தைப்பூசத்துக்கு எங்க ஊர் வழியாகப் பாதயாத்திரை போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியுமோ!