சிங்கத் தலைக்குள் இருந்தவர்

சீனாவின் தெற்கே, குவாங்டொங் மாகாணத்தில் ஃபோஷான் என்றொரு பழைய நகரம் இருக்கிறது. அங்குள்ள மூதாதையர் கோயில் வளாகத்தில் 2001ஆம் ஆண்டு ஒரு நினைவகம் திறக்கப்பட்டது. அங்கே தற்காப்புக் கலைக் குழுக்கள் வந்தவர்களுக்கு வித்தை காட்டும். முதலில் பெரிய முரசு முழங்கும், பிறகு தாளமும் சேகண்டியும் சேரும். இரண்டு பேர் ஒரே தோலுக்குள் புகுந்து ஒரு சிங்கமாக எழுந்து நிற்பார்கள். கம்பு சுற்றுவார்கள், வெறுங்கையால் சண்டை போட்டுக் காட்டுவார்கள். சுற்றுலாப் பயணிகள் கைபேசியில் படம் எடுப்பார்கள். நினைவகம் வொங் ஃபெய்-ஹுங் என்ற மனிதருக்குரியது. ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் அவருடையதுதான் என்று எல்லோரும் ஏற்கும் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. அவருடையது என்று நீண்ட காலம் பரவிய படமொன்று உண்மையில் அவருடைய மகனுடையது என்று பின்னர் சொல்லப்பட்டது.

பெயர் புதிதாக இருந்தாலும் ஆள் எங்களுக்குப் புதியவர் அல்ல. மின்சாரம் இல்லாத காலத்தில் ஜெனரேற்றரும் ரி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறைக்கு அவரைத் தெரிந்திருக்கும். 1978இல் வந்த 'ட்ரங்கன் மாஸ்டர்' படத்தில் ஜாக்கி சான் நடித்த அந்தக் குழப்படிக்காரப் பெடியன் இவர்தான். 1991இல் வந்த 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் சைனா' படத்தில் ஜெட் லீ நடித்த அமைதியான வைத்தியரும் இவர்தான்.

இவரைப் பற்றி நான் தேட ஆரம்பித்தது சினிமாவுக்காக அல்ல, அந்த இல்லாத படத்துக்காக. செய்தி சேகரிக்க வன்னியில் போகிற இடங்களில், செத்துப்போனவர்களின் ஒரு படம்கூட எஞ்சாத வீடுகளைக் கண்டிருக்கிறேன். அல்பம் ஏதோ ஒரு இடப்பெயர்வில் போய்விட்டது. அந்த வீடுகளில் இறந்தவரைப் பற்றிக் கேட்டால் முகத்தைச் சொல்ல மாட்டார்கள். அவர் நடக்கிற விதத்தைச் சொல்வார்கள், சைக்கிள் ஓடுகிற விதத்தைச் சொல்வார்கள், சில வேளை எழுந்து நின்று செய்தும் காட்டுவார்கள். வொங் ஃபெய்-ஹுங்கின் வாழ்க்கையும் அப்படித்தான் எங்கள் காலம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அவர் பிறந்த ஆண்டிலேயே இரண்டு கணக்கு உண்டு. சிலர் 1847 என்பார்கள், சிலர் 1856 என்பார்கள். ஊர், ஃபோஷானை அண்டிய நன்ஹாய் பகுதியில் சிச்சியாவ் மலையடிக் கிராமம். தகப்பன் வொங் கேய்-யிங், குவாங்டொங்கின் பத்துப் புலிகள் என்று ஊர் கொண்டாடிய பத்து வீரர்களில் ஒருவர். பட்டம் பெரிது, பிழைப்பு சிறிது. சந்தையிலும் தெருவோரத்திலும் வித்தை காட்டி, கூட்டம் சேர்ந்ததும் அடிபட்ட காயத்துக்கும் சுளுக்குக்கும் பூசுகிற மருந்தை விற்பதுதான் அவருடைய தொழில். பெடியனும் தகப்பனோடு ஃபோஷானிலும் குவாங்சௌவிலும் தெருத்தெருவாகத் திரிந்தான். கம்பு சுழற்றினான், அடிமுறை காட்டினான், மருந்துப் பொட்டலம் நீட்டினான்.

அந்தத் தெருதான் அவனுக்குப் பள்ளிக்கூடமும் ஆனது. இன்னொரு தெரு வித்தைக்காரரான லாம் ஃபுக்-சிங்கை ஃபோஷானில் சந்தித்து, அவரிடம் இரும்புக் கம்பி அடிமுறை எனப்படும் கடினமான பயிற்சியைக் கற்றுக்கொண்டான். மூச்சையும் முழங்கையையும் இறுக்கிச் செய்யும் அந்த முறையை எங்கே பழகினாலும், இன்றைக்கும் அவர் வழியைச் சொல்லித்தான் பழக்குகிறார்கள்.

இளைஞனானதும் குவாங்சௌ நகரின் செம்பு, இரும்புப் பட்டறைத் தொழிலாளர்கள் காசு சேர்த்து அவருக்கு ஒரு பயிற்சிக்கூடம் அமைத்துக் கொடுத்தார்கள். அரசனோ செல்வந்தனோ அல்ல, கொல்லுப்பட்டறைக்காரர்கள்தான் அவரைக் குருவாக்கினார்கள். பின்னாளில் படையினருக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசானாகவும் இருந்தார். ஆனாலும் அவரிடம் அதிகம் வந்தவர்கள் கைத்தொழில் செய்கிறவர்களே. அவருடைய மாணவர்களில் பேர் போன லாம் சாய்-விங் பன்றி இறைச்சி வெட்டி விற்றவர்.

தென்சீனாவில் இத்தகைய பயிற்சிக்கூடம் ஒவ்வொன்றும் ஒரு சிங்கம் வைத்திருக்கும். மூங்கில் சிம்புகளால் கூடு கட்டி, கடதாசி ஒட்டி, வர்ணம் தீட்டிய தலை. நெற்றியில் கொம்பும் கண்ணாடியும் இருக்கும். தலையைத் தூக்குகிறவர் முன்னால், வாலாக நிற்கிறவர் அவருடைய இடுப்பைப் பிடித்தபடி முதுகு வளைந்து பின்னால். வெளியே தெரிவது சிங்கம், உள்ளே நடப்பது அடிமுறை. குதிரைச் சவாரி நிலையில் தொடை நடுங்காமல் நிற்கத் தெரியாதவனால் அந்தத் தலையைச் சுமக்க முடியாது. அதனால்தான் ஆட்டமும் சண்டைப் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தன.

புதுவருடத்திலும் கோயில் விழாக்களிலும் கடைத்திறப்புகளிலும் சிங்கம் வரும். கடைக்காரர் சலாது இலைக் கொத்தோடு சிவப்பு உறையில் காசு வைத்து உயரத்தில் கட்டித் தொங்கவிடுவார். சிங்கம் எட்டி அதைக் கவ்வி, இலையைச் சிதறி எறிந்து, காசை விழுங்கும். சீன மொழியில் சலாது இலையின் பெயரும் செல்வம் பெருகுவதைக் குறிக்கும் சொல்லும் ஒத்து ஒலிப்பதால் அந்த இலை. எவ்வளவு உயரத்தில் கட்டுகிறார்களோ அவ்வளவுக்குக் குழுவின் மானம் அதில் தொங்கும். ஒரே கொத்துக்கு இரண்டு குழுக்கள் மோதி மண்டை உடைந்த கதைகளும் ஏராளம். கயிற்று நுனியில் இரும்புக் குண்டு கட்டிய ஓர் ஆயுதத்தை வீசி, எட்டாத உயரத்தில் இருக்கும் கொத்தையும் பறிப்பது வொங் ஃபெய்-ஹுங்கின் தனித் திறமை. அதனால் குவாங்சௌ மக்கள் அவரைச் சிங்கங்களின் அரசன் என்றார்கள்.

ஆனால் ஊர் அவரைத் தேடிப் போனது ஆட்டத்துக்காக மட்டுமல்ல. குவாங்சௌவின் ரென்-ஆன் தெருவில் போ சி லாம் என்ற மருந்தகத்தை அவர் நடத்தினார். எங்கள் ஊர் முறிவு தறிவு வைத்தியர்களைப் போல எலும்பு முறிவு, மூட்டு விலகல், அடிகாயம் எல்லாவற்றுக்கும் கட்டுப் போட்டார். அடிக்கத் தெரிந்தவருக்கே அடியை ஆற்றவும் தெரிந்திருந்தது. தொங்கின் போரில் பிரெஞ்சுப் படைகளை எதிர்த்த கறுப்புக் கொடிப் படையின் தளபதி லியூ யொங்ஃபு தன் காலுக்கு அவரிடம் வைத்தியம் செய்து குணமானதாகவும், அந்த நன்றியில் அவரைத் தன் படையில் சேர்த்துக்கொண்டதாகவும் சொல்வார்கள்.

1895இல் ஜப்பானிடம் தோற்ற சீனப் பேரரசு, தாய்வான் தீவை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தது. தீவில் இருந்தவர்கள் ஒப்பவில்லை. தலைநகர் விழுந்த பிறகும் தெற்கே லியூ யொங்ஃபுவின் படைகள் போராடின. வொங் ஃபெய்-ஹுங்கும் அவரோடு போனார் என்பது அவருடைய வரலாற்றைச் சொல்லும் எல்லோரும் சொல்வது. ஒக்டோபர் மாதத்தில் எல்லாம் முடிந்தது. தளபதி கப்பலேறித் தப்பினார். தோற்ற படையோடு ஊர் திரும்பியவர், அதற்குப் பிறகு பல காலம் சண்டை பழக்காமல் வைத்தியத்தை மட்டும் பார்த்தார் என்கிறார்கள். சினிமாக்காரர்களுக்குப் பயன்படாத பகுதி இது. எனக்கு அவர் இங்கேதான் முதன்முதலாக ஒரு மனிதராகத் தெரிந்தார்.

வீட்டுக்குள்ளும் அவருக்குச் சுகமில்லை. மூன்று மனைவியரை ஒருவர் பின் ஒருவராக நோய்க்குப் பறிகொடுத்தார். தன்னைக் கட்டுகிற பெண் பிழைக்க மாட்டாள் என்று நம்பத் தொடங்கினார். அப்போதுதான் மொக் குவாய்-லான் வருகிறார். ஒரு விழாவில் வித்தை காட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய செருப்புக் கழன்று பறந்து, கூட்டத்தில் நின்ற இந்தப் பெண்ணின் முகத்தில் பட்டதாம். பெண் அழவில்லை. முன்னே வந்து, பேர் போன குருவுக்கு இந்தக் கவனமின்மை தகுமா, கையில் இருந்த ஆயுதம் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டு, கன்னத்தில் அறைந்ததாகவும் கதை உண்டு. இது எவ்வளவு நடந்தது, எவ்வளவு சேர்த்துச் சொன்னது என்று பிரிக்க முடியாது. மொக் குவாய்-லானும் அடிமுறை பழகியவர் என்பதும், வயதில் மிக இளையவரான அவரை வொங் ஃபெய்-ஹுங் துணையாக்கிக்கொண்டார் என்பதும் உண்மை. பழைய பயத்தினால் அவருக்கு முறைப்படி மனைவி என்ற இடத்தைக் கொடுக்கவில்லை என்கிறார்கள். ஆனால் கடைசிவரை நின்றவர் அவர்தான். பெண்களுக்குப் பயிற்சிக்கூடங்கள் கதவு திறக்காத காலத்தில், வொங் ஃபெய்-ஹுங்கின் கூடத்தில் பெண்கள் அடிமுறை பழகினார்கள், சிங்கமும் ஆடினார்கள்.

மகன்களில் ஹொன்-சாம் தகப்பனின் கலையை நன்றாகப் பிடித்துக்கொண்டவன். ஆற்று வழி வணிகத்துக்குக் காவல் போகும் வேலையில் சேர்ந்தான். அங்கே பொறாமை கொண்ட சக காவலாளி ஒருவன் அவனைச் சுட்டுக் கொன்றான். எந்த அடிமுறையும் குண்டுக்குப் பதில் சொல்லவில்லை. மிஞ்சிய மகன்களுக்கு இனிச் சண்டை பழக்குவதில்லை என்று தகப்பன் முடிவெடுத்தார். தன் கையில் இருந்த ஒரே சொத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் மறைக்க வேண்டிய நிலை ஒரு தகப்பனுக்கு வந்தது.

1924 ஒக்டோபரில் குவாங்சௌவின் வணிகர் படைக்கும் சன் யாட்-சென்னின் அரசுக்கும் மோதல் மூண்டது. நகரின் மேற்குப் பகுதி தீப்பற்றி எரிந்தது. அந்தத் தீயில் போ சி லாமும் போனது. மருந்துச் சாமான்கள், குறிப்புகள், வைத்திருந்த படங்கள், தளபதி கொடுத்த பாராட்டுப் பலகை எல்லாம் சாம்பல். எந்தப் பக்கத்துச் சண்டையிலும் சேராத ஒரு முதியவரின் முழு வாழ்க்கையும் ஒரே நாளில் எரிந்து முடிந்தது. அதற்குப் பிறகு அவர் எழும்பவில்லை. நோயில் விழுந்து 1925இல் ஏழைகளுக்கான தரும வைத்தியசாலை ஒன்றில் இறந்தார். அடக்கம் செய்யவும் வீட்டில் காசில்லை. அவரிடம் பழகிய மாணவி ஒருத்தி செலவை ஏற்றுக்கொண்டார்.

வழக்கமாக ஒரு சாதாரண மனிதரின் கதை இங்கே முடிந்துவிடும். அவருடையது முடியாததற்குக் காரணம், எரிய முடியாத இடத்தில் ஏதோ மிஞ்சியிருந்ததுதான். பிறகு மொக் குவாய்-லான் பிள்ளைகளோடு ஹொங்கொங் போய்ச் சேர்ந்து அங்கே பயிற்சிக்கூடம் நடத்தினார். இறைச்சி வெட்டிய லாம் சாய்-விங்கும் அங்கே போய்ப் பழக்கினார். குருவிடம் கற்ற அடிமுறைகளை ஒவ்வொரு நிலையாகத் தானே நின்று காட்டி, படங்களோடு புத்தகங்களாக்கினார். இன்று புலி, நாரை அடிமுறையின் வரிசை தெரிகிறது என்றால் அதற்கு அந்தப் புத்தகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் வழி மாணவரான சூ யூ-சாய் 1930களில் குருவின் கதையைப் பத்திரிகையில் தொடராக எழுதினார். எழுதியதில் கற்பனையும் கலந்தது. இடம்பெயர்ந்து ஹொங்கொங்கில் நெருக்கமாக வாழ்ந்த குவாங்டொங் மக்கள் அதை விரும்பிப் படித்தார்கள்.

1949இல் முதல் படம் வந்தது. அதில் நடித்த குவான் தாக்-ஹிங் அதே வேடத்தில் எழுபதுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தார். 1956ஆம் ஆண்டில் மட்டும் 25 படங்கள். ஊர் விட்டு வந்தவர்கள், விட்டு வந்த ஊரின் சிங்க நடனத்தையும் முரசையும் கோயில் விழாவையும் அந்தத் திரையில்தான் மறுபடி பார்த்தார்கள். பின்னால் பேர் பெற்ற சண்டைப் பயிற்சியாளரும் இயக்குநருமான லாவ் கார்-லியூங்கின் தகப்பன், லாம் சாய்-விங்கிடம் பழகியவர். குரு காட்டிய நிலைகள் நான்காவது கைக்கு மாறிச் சினிமாவுக்குள் போன வழி அது.

இப்போது நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் வொங் ஃபெய்-ஹுங் இருக்கிறார். அவற்றில் அவர் பெரும்பாலும் வெல்கிறார். தோற்றுத் திரும்பிய தாய்வான், சுடப்பட்ட மகன், எரிந்த மருந்தகம், கடன்பட்ட சாவு ஆகியவை அந்தப் படங்களில் வருவது அரிது. ஆவணம் எரிந்த இடத்தில் கதை முளைக்கும், கதைக்கு வீரன்தான் வேண்டும், அழுத தகப்பன் வேண்டாம். ஊடகம் படித்தவள் என்ற முறையில் இது எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. எங்கள் எரிந்த வீடுகளின் கதைகளையும் நாளைக்கு யாரோ இப்படித்தான் சொல்லக்கூடும். வெற்றிகள் பெரிதாகும், அல்லது தியாகங்கள் பெரிதாகும். அந்த ஆள் எப்படி நடந்தார், யாருக்குக் கட்டுப் போட்டார், எதற்குப் பயந்தார் என்பது விடுபட்டுப் போகும். அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். கேட்டு எழுத வேண்டியது இப்போதுதான்.

மொக் குவாய்-லான் 1982இல் ஹொங்கொங்கில் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், எண்பதைக் கடந்த வயதில், அவர் அடிமுறை செய்து காட்டுவதைப் படம் பிடித்திருக்கிறார்கள். ஒடுங்கிய உடம்பு. கால்கள் அகன்று மண்ணில் ஊன்றுகின்றன, கை புலி நகமாக விரிகிறது, அடுத்த கணம் நாரையின் அலகாகக் குவிகிறது. அவசரமே இல்லை. ஒளிப்பதிவில் நான் வொங் ஃபெய்-ஹுங்கைத் தேடிக் கண்டது அந்த மூதாட்டியின் கைகளில்தான்.