சுருட்டுக்குத் தீ வைத்த வியாபாரி

உலகப் புகழ் பெற்ற சுருட்டு வியாபாரி ஜினோ டேவிடாப் 1906-ல் உக்ரைனில் பிறந்தவர். 1911-ல் பெற்றோருடன் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் குடியேறினார். தந்தை அங்கே புகையிலைக் கடை நடத்தினார்.

வாலிப வயதில் ஜினோ கியூபா சென்று, புகையிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் தொழில் கற்றார். விரலால் மெல்ல அழுத்தி, முகர்ந்து, நிதானமாகப் புகைத்துச் சுருட்டின் தரத்தை எடைபோடுவதில் கைதேர்ந்தார். ஊர் திரும்பி, சுருட்டு உலராமல் இருக்க, ஈரப்பதம் மாறாத நிலவறை அமைத்தார்.

1960-களின் இறுதியில் கியூபா அரசு நிறுவனம் அவர் பெயரிலேயே உயர்ரகச் சுருட்டு தயாரித்தது. பின்னாளில் தரம் குறைந்ததாக அவர் கருதினார். 1989-ல் தம் பெயர் தாங்கிய ஒரு லட்சத்துக்கும் அதிகமான சுருட்டுகளை எரித்தார். தயாரிப்பு டொமினிக்கன் குடியரசுக்கு மாறியது.

1994-ல் காலமானார். நஷ்டத்தைவிடப் பெயரே அவருக்குப் பெரிதாக இருந்தது.